பந்தலும் பண்டகசாலையும்

மணிமங்கலத்துச் சங்கங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடன் எப்பொழுது கிடைக்கும்?" என்பதே அது. "நம்முடைய சரக்குக்கு நாமே விலை சொல்லுவது எப்பொழுது?" என்று கேட்டவர் மிகச் சிலரே. சென்ற மாதம் சொந்தக் காரியமாகத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குச் சென்று திரும்பியதிலிருந்து இந்த இரண்டாவது கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. அதனை அங்கத்தினர் முன் வைப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி முதலியவை ஆரவாரமற்ற ஊர்கள். மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கின் வளத்துக்கு, 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் பெரிதும் காரணம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள் பல ஏக்கர் பரந்து கிடக்கின்றன. பந்தலின் கீழே குனிந்து நடந்தால், தலைக்குமேல் கருநீலக் கொத்துகள். அதிகாலையில் கேட்பது கொத்து அறுக்கும் கத்தரிக்கோலின் ஓசை மாத்திரமே. பிற மாநிலங்களில் திராட்சைக்குப் பெரும்பாலும் ஒரு பருவம்தான். இங்கோ தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் மாதம் வேறுபடுவதால், ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் பழம் அறுவடையாகிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பழத்தைப் பன்னீர்த் திராட்சை என்பர். நூல்களில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதனைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தார் என்பர். 2023-ஆம் ஆண்டில் 'கம்பம் பன்னீர்த் திராட்சை' புவிசார் குறியீடும் பெற்றது. பெயர் வந்தது, பெருமையும் வந்தது. விலை வந்ததா என்று தோட்டக்காரர் ஒருவரைக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே கூறிய விடை இது: "பழுக்குற வரைக்கும் தோட்டம் என்னோடது, சார். பழுத்துட்டா வியாபாரியோடது."

இந்த ஒரு வாக்கியத்தில் உழவனின் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பன்னீர்த் திராட்சையின் தோல் மெல்லியது. மழை பெய்தால் பழம் வெடிக்கும். அறுத்த பழம் பல நாள் தாங்காது. காத்திருக்க முடியாதவனிடம் விலை பேசுவது வியாபாரிக்கு எளிது. பழத்தைச் சில நாள் வைத்திருக்க ஒரு குளிர்பதனக் கிடங்கும், மிகுந்ததைச் சாறாக்க ஓர் ஆலையும் தோட்டக்காரருக்குச் சொந்தமாக இருக்குமானால், அதே வியாபாரி அதே பந்தலின் கீழ் வேறு குரலில் பேசுவான். கிடங்கு என்பது வெறும் கட்டடமன்று. 'இன்று விற்க மாட்டேன்' என்று சொல்லும் சக்தி அது.

இதனை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்து செயற்பட்ட சிற்றூர்கள் ஸ்பெயின் தேசத்தில் உள்ளன. அத்தேசத்தின் வடகிழக்கே, கத்தலோனியாவில், தெர்ரா ஆல்த்தா என்னும் மேட்டுநிலத்தில் பினெல் தெ பிராய், கந்தேசா என்ற ஊர்கள் இருக்கின்றன. அவையும் கம்பத்துக் கிராமங்களைப் போன்று அமைதியானவை. திராட்சையும் ஆலிவும் விளைபவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கியது. அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் தம் நாட்டுக் கொடியை ஒட்டுக்கட்டி நடுவதொன்றே வழியாயிற்று. அதற்குப் பணம் வேண்டும். சிறு விவசாயியிடம் அது ஏது? இந்நிலையில் 1906-ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசாங்கம் விவசாயச் சங்கங்களுக்கென ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்பின் பல ஊர்களில் விவசாயிகள் கூடிக் கடன் பெற்று, பொதுவில் திராட்சை பிழியும் கூடங்களை எழுப்பினர்.

கௌதி என்னும் புகழ்பெற்ற சிற்பியின் மாணாக்கரான சேசார் மார்த்தினெல் இத்தகைய கூடங்கள் பலவற்றைக் கட்டினார். கந்தேசாவின் கூடம் 1919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மரத்தையும் இரும்பையும் சிக்கனம் செய்து, செங்கல்லாலேயே வளைவுகள் எழுப்பிக் கூரை அமைத்தார். பினெல் ஊரின் கூடத்தில் திராட்சைக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் ஒரே கூரையின் கீழ் இடம் அளித்தார். நாடகாசிரியர் அஞ்ஜெல் கிமெரா இத்தகைய கட்டடங்களைப் 'பேராலயங்கள்' என்று வருணித்தார். ஊரின் மிகப் பெரிய கட்டடம் ஜமீன்தாரின் மாளிகையாக இல்லாமல், உழவர் சங்கத்தின் பண்டகசாலையாக இருப்பது எத்தகைய காட்சி! 1938-ஆம் ஆண்டில் எப்ரோ நதிப் போர் அந்நிலத்தையே போர்க்களமாக்கியது. அதற்குப் பின்னரும் அக்கட்டடங்கள் நிற்கின்றன.

மதுவைப் பெருக்குக என்று நாம் கூறுவதாக எவரும் பொருள்கொள்ள வேண்டாம். அவர்கள் திராட்சையை மதுவாக்கினர், நாம் சாறாக்கலாம். கற்க வேண்டியது பண்டத்தையன்று, முறையை. அம்முறையில் இரண்டு விதிகள் முக்கியமானவை. அங்கத்தினர் தம் விளைச்சல் முழுவதையும் சங்கத்துக்கே அளிக்க வேண்டும் என்பது ஒன்று. கொண்டுவந்த பழத்தை எடை போடுவதுடன் அதன் இனிப்பையும் அளந்து, தரத்துக்கேற்ற விலை தருவது மற்றொன்று. முதல் விதி சங்கத்தைக் காக்கிறது. இரண்டாவது விதி நல்ல உழவனைக் காக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் மற்றொன்று நிலைக்காது.

இனி நம் ஊருக்கு வருவோம். நாம் எவருக்கும் பின்தங்கியவர்களல்லர். ஸ்பெயினின் சட்டத்துக்கு இரண்டு ஆண்டு முந்தியது, 1904-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். அவ்வாண்டிலேயே நமது பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றிற்று. அச்சட்டம் கடன் சங்கங்களுக்கு மாத்திரமே இடமளித்தது. 1912-ஆம் ஆண்டின் சட்டம் விற்பனைக்கும் உற்பத்திக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. வழி திறந்து நூறாண்டுகளுக்கு மேலாயின. எனினும் நம்மில் பலருடைய மனம் இன்னும் 1904-லேயே நிற்கிறது. சங்கம் என்றால் கடன் வாங்கும் ஜன்னல் என்றே எண்ணுகிறோம்.

இதில் ஆய்வாளராகிய நம்முடைய குற்றமும் உண்டு. ரொக்கப் புத்தகத்தைப் பார்க்கிறோம், பேரேட்டைப் பார்க்கிறோம், தவணை தவறிய கடனைக் கணக்கிடுகிறோம். அங்கத்தினரின் நெல் எந்த மாதத்தில், எந்த ஈரத்தில், எவர் கைக்குப் போயிற்று என்று நாம் கேட்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் நாம் அமர்ந்திருந்தோம். லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி உலர்களமும் சிறு கிடங்கும் கட்டலாம் என்று ஒரு முதியவர் சொன்னார். "பங்கு ஈவைக் கொடுத்துவிடுங்கள்" என்ற கூச்சலில் அவர் குரல் அமிழ்ந்து போயிற்று. நாமும் அவருக்கு ஆதரவாக ஒரு சொல் கூறாமல் இருந்துவிட்டோம். அவ்வாண்டு அறுவடையில் மழை பெய்தது. அரசாங்கக் கொள்முதலில் பொதுவாக 17 சதவீத ஈரம் வரையில்தான் ஏற்பர்; அதற்கு மேற்பட்ட நெல்லுக்கு வியாபாரி சொன்னதே விலை. அங்கத்தினர் ஒவ்வொருவரும் பெற்ற ஈவுத் தொகையைவிட, ஒரே வாரத்தில் அவர்கள் இழந்தது அதிகம்.

நெசவாளர் பக்கமும் இதே கதைதான். காஞ்சிபுரம் பட்டு, கம்பம் திராட்சைக்குப் பல்லாண்டு முன்னரே புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் கோர்வை பிசகாத நல்ல சேலையைத் தனி முதலாளியிடம் கொடுத்துவிட்டு, சாயம் திட்டான சேலையைச் சங்கத்தில் சேர்ப்பவர் நம்மில் இல்லையா? நல்லது வெளியே, நஷ்டம் சங்கத்துக்கு என்றால், பெயரை எந்தச் சட்டம் காப்பாற்றும்? அதே வேளையில், நல்ல சேலைக்கும் திட்டான சேலைக்கும் ஒரே கூலி என்று சங்கம் பிடிவாதம் செய்தால், நல்ல நெசவாளி வெளியே போவதைக் குற்றம் கூறவும் இயலாது.

"ஒருபுறம் ஒரகடம், மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர், நிலமெல்லாம் மனையாகிறது, பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிவிட்டனர், இனிக் கிடங்கு யாருக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கத்தலோனியாவின் சிற்றூர்களிலிருந்தும் இளைஞர் நகரங்களுக்குப் போயினர்; கூட்டுறவு என்பது அதனைத் தடுத்துவிடும் மந்திரமன்று. ஆயினும் தன் விளைச்சலுக்கு விலை சொல்ல இயலாத தகப்பனைப் பார்த்து வளர்ந்த மகன், நிலத்தை விற்கத்தான் நினைப்பான். அவன் பஸ் ஏறுவது சம்பளத்துக்காக மாத்திரமன்று. தரகர் முன் கைகட்டி நிற்கும் நிலையிலிருந்து தப்புவதற்காகவும்தான்.

ஆகவே வருகின்ற பேரவைக் கூட்டத்தில் மூன்று காரியங்களை அங்கத்தினர் ஆலோசிக்க வேண்டுகிறோம். லாபத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் பொதுக் கட்டடத்துக்கென ஒதுக்கப்படட்டும். நெல்லானாலும் சேலையானாலும், கொண்டுவரும் அன்றே எல்லாருக்கும் ஒரே அளவுகோலால் தரம் பார்த்து விலை வைக்கப்படட்டும். அவ்வாறு செய்யும் சங்கத்துக்குத் தம் சரக்கு முழுவதையும் அளிப்பதென ஒவ்வோர் அங்கத்தினரும் வாக்களிக்கட்டும்.

அன்று அந்த முதியவர் கேட்டது பெரிய மாளிகையன்று. நூறு மூட்டை நெல் நனையாமல் இருக்க ஒரு கூரை. இம்முறை அவர் எழுந்து பேசினால், நாம் வாய் திறவாமல் இருக்கப் போவதில்லை. அங்கத்தினரும் அவ்வாறே இருப்பர் என்று நம்புகிறோம்.