கட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார்?

அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் முதலிய ஊர்களின் டூல் ரூம்களில், பிளாஸ்டிக் குடம் முதல் ஹெல்மெட் வரை வளைந்த உருவமுள்ள பொருள்களுக்கெல்லாம் மோல்டு செதுக்கித் தரும் உருண்டைமுனைக் கருவியாகிய பால் நோஸ் கட்டரை, அதை ஓட்டுகிறவரை ஒரு வார்த்தை கேளாமல், விலைப்பட்டியலை மாத்திரம் பார்த்து வாங்குவது சிக்கனம் அன்று, நஷ்டம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

வளைந்த பரப்பின்மீது இக்கட்டர் கோடு கோடாகப் போய்த் திரும்புகையில், இரு கோடுகளுக்கு நடுவே வயல் வரப்பைப்போல் மெல்லிய மேடு ஒன்று மிஞ்சிவிடுகிறது. 10 மி.மீ. கட்டரை 0.4 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் அதன் உயரம் சுமார் 4 மைக்ரான், 6 மி.மீ. கட்டரானால் சுமார் 7 மைக்ரான். இடைவெளியைப் பாதியாக்கினால் மேடு கால்பங்காகும், மெஷின் ஓடும் நேரமோ இரட்டிக்கும். ஆகவே விசாலமான பரப்புக்குப் பெரிய கட்டரையும், அது நுழையாத உள்வளைவுகளுக்கு மட்டும், அவ்வளைவின் ஆரத்தைவிடச் சற்றே குறைந்த ஆரமுள்ள சிறியதையும் வைத்துக்கொள்வதே உசிதம். இரண்டும் செதுக்கிய பகுதிகள் சந்திக்கும் இடத்தில்தான் மலிவுச் சரக்கின் குணம் வெளிப்படும்: நல்ல ரகத்தில் ஆரத்தின் பிழை 0.005 மி.மீ.க்குள் அடங்குவதுண்டு, 0.02 மி.மீ. பிழையுள்ள ஒன்று அங்கே விடும் படியை, பாலிஷ் போடுகிறவர் கல்லாலும் எமரி பேப்பராலும் மணிக்கணக்கில் தேய்த்தல்லவா போக்க வேண்டியிருக்கிறது! மிச்சம் பிடித்த ரூபாயை அவருடைய தோளும் மணிக்கட்டும் செலுத்துகின்றன.

இன்னொரு விஷயம் இதைவிட நுட்பமானது. உருண்டையின் நடுப்புள்ளி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அதன் வெட்டுவேகம் பூஜ்யம். அது வெட்டுவதில்லை, உரசுகிறது. 10 மி.மீ. கட்டரை நேர்நிறுத்தி, சமமான பரப்பில் 0.2 மி.மீ. ஆழம் வைத்தால், உண்மையில் வெட்டும் விட்டம் 2.8 மி.மீ. தான், நிமிஷத்துக்கு 10,000 சுற்றில், புத்தகக் கணக்குப்படி 314 மீட்டராக இருக்கவேண்டிய வேகம் 88 மீட்டருக்கு இறங்கிவிடும். கட்டரையோ செதுக்கப்படும் ஜாப்பையோ 15 டிகிரி சாய்த்தால் வெட்டும் விட்டம் 5 மி.மீ.க்கு மேலாகி, உரசல் மறைந்து, பரப்பு பளபளக்கும். சாய்க்க வசதியில்லாத மூன்று அச்சு மெஷினில், முனைவரை ஒழுங்காகத் தீட்டப்பட்ட இரண்டு பல் கட்டரே பல சமயங்களில் நான்கு பல்லைவிட நிம்மதி தரும். ஏனெனில் நான்கில் இரண்டு பற்கள் பெரும்பாலும் மையத்தை எட்டுவதில்லை.

கட்டரின் மேல்பூச்சாகிய கோட்டிங்கைப் பற்றி விற்பனையாளர் எவ்வளவோ சொல்லுவார். கடின எஃகுக்கு ஒன்று, அலுமினியத்துக்கு வேறொன்று என்ற அளவில் அதை நிறுத்திக்கொள்ளலாம். பிடித்திருக்கும் ஹோல்டரிலிருந்து கட்டர் எவ்வளவு நீண்டு நிற்கிறது என்பதோ அலட்சியம் செய்யத்தக்கதன்று: நீளம் இரட்டித்தால், அதே விசையில் கட்டர் வளைவது எட்டு மடங்காகும்.

இவற்றையெல்லாம் மெஷினின் ஓசையைக் கேட்டே அறிந்து வைத்திருப்பவர் ஆப்பரேட்டர். ஆதலால் ஒவ்வொரு ஜாப் கார்டிலும் கட்டரின் விலைக்குப் பக்கத்தில் பாலிஷுக்குச் சென்ற மணிகளையும் எழுதிவைத்து, அடுத்த ஆர்டரில் பர்ச்சேஸ் அதிகாரி கையெழுத்திடுமுன் ஆப்பரேட்டரும் பாலிஷ் தொழிலாளியும் அதைப் பார்த்துச் சம்மதம் சொல்லும் ஏற்பாட்டை முதலாளிகள் உடனே செய்ய வேண்டும்.