கடலா பிரித்தது?

திருச்சியிலிருந்து சென்னை, வான்வழியே ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அதே திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ ஏறத்தாழ 180 கிலோமீட்டர்தான்! மலைக்கோட்டையின் நிழலிலே வாழ்பவருக்குத் தலைநகர் தொலைவு, யாழ்ப்பாணம் பக்கம். நாம் கட்டிய கதையல்ல இது. வரைபடத்தை விரித்து, அளவுகோலை வைத்துப் பார்ப்பவர் எவரும் காணக்கூடிய உண்மை.

ஆனால், பக்கத்து வீடு பக்கத்து வீடாகவா இருந்தது? சென்னைக்கும் பலாலிக்கும் இடையே நேர்க்கோட்டில் 355 கிலோமீட்டர் அளவே. 2019-க்கு முன் அங்கே போக விரும்பியவர் என்ன செய்தார்? யாழ்ப்பாணத்தையும் தாண்டித் தெற்கே, 650 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கட்டுநாயக்காவுக்குப் பறந்தார். கொழும்பிலே பேருந்தோ ரயிலோ பிடித்தார். வந்த திசையிலேயே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பினார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வித்தை! விமானத்திலே ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் பயணம், ஒரு நாளையே விழுங்கிற்று. 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்கு அந்த ரயிலும் இல்லை.

வழியே இல்லாத ஊரா அது? இல்லை! 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இறங்கி, அதன் பின்னரே சென்னைக்கு வந்தது.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடித் தண்டவாளத்தைத் தின்றது, கடலைப் பழித்தோம். வானத்தைத் தின்ற புயல் எது? போர் மூண்டது, வான்வழி அடைபட்டது, சரி. போர் 2009-லே முடிந்ததே! பலாலியைப் பன்னாட்டு நிலையமாகத் திறக்க 2019 அக்டோபர் வரை, பத்தாண்டு ஆனது ஏன்? 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது, மூடினர். கொழும்புக்கு விமானம் திரும்பிய பின்னும், பலாலி 2022 டிசம்பர் வரை காத்துக் கிடந்தது. திருச்சிக்கு வழி பிறந்ததோ 2025 மார்ச்சில்!

யாழ்ப்பாணத்திலே தாய் கண் மூடுகிறாள், மகன் சென்னையிலே. காலையிலே சேதி. கொள்ளி வைக்க அவன் போய்ச் சேருவானா? நேர் விமானம் உண்டெனில் சேருவான். கொழும்பைச் சுற்றிப் போனால், சாம்பலைத்தான் பார்ப்பான். கிலோமீட்டர் கூடவில்லை, குறையவில்லை. ஆட்சியாளரின் ஓர் ஆணை, அவனைத் தாயிடமிருந்து தள்ளி வைக்கிறது.

ஆகவே கேட்கிறோம். எழுபதுபேர் அளவே ஏறும் சிறு விமானங்களை நம்பித் தொடங்கிய வழி இது. பெரிய விமானம் இறங்க ஓடுதளம் நீள வேண்டும். கட்டணம் ஏழைக்கு எட்ட வேண்டும். ஆனால் ஒன்று! பலாலியைச் சுற்றியுள்ள நிலத்தை இழந்து, இடம்பெயர்ந்து வாடியவர்கள் அவ்வூர் மக்கள். அவர்களுடைய ஒப்புதலும் உரிய ஈடும் இல்லாமல் ஒரு முழம்கூட நீட்டாதீர்! ஊரை விரட்டிவிட்டு யாருக்கு விமானம்?

கடல் அன்றும் அங்கேதான் இருந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. கதவைச் சாத்தியவர்கள் கரையிலே இருந்தனர். திறந்த கதவு இனித் திறந்தே இருக்கட்டும்!