பெட்ரோல் டேங்க் மேல் எதை வைக்கலாம்?

கீரனூர் என்றதும் பலருக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூர்தான் ஞாபகம் வரும். இது வேறு. திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கும் பேரூராட்சி. எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜா தன் பெயரோடு சேர்த்துக்கொண்டாரே, அந்த ஊர்!

இந்த மாதிரி ஊர்களில் பைக் என்பது பாதி லாரி. எக்ஸ்.எல். வண்டியில் கால் வைக்கிற இடத்தில் தவிட்டு மூட்டை இருக்கும். பின்னால் கேரியரில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும். நூறு சிசி வண்டிகளின் டேங்க் மேல் ஒரு ரெக்சின் கவர். அதில் தைத்த பைக்குள் ஆர்.சி. புத்தகம், துடைக்கிற துணி, ஸ்பார்க் பிளக் ஸ்பானர். சீட் கவர் கடையில் தைத்துக் கொடுக்கும் இந்த டேங்க் கவரின் பணக்கார அண்ணன்தான் 'டேங்க் பேக்'. பெட்ரோல் டேங்க் மேல் காந்தத்தாலோ பட்டையாலோ நிற்கிற பை. லடாக் போகிறவர்களின் பைக்கில்தான் இதைப் பார்க்க முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது கீரனூர்க்காரருக்குத்தான் அதிகம் உதவும். ஏன் என்று பார்க்கலாம்.

முன்னால் ஏன்?

பைக்கில் எடையைப் பின்னால், அதுவும் பின் சக்கரத்துக்கு அப்பால் கட்டினால் முன் சக்கரத்தின் மேல் இருக்கும் அழுத்தம் குறையும். ஹேண்டில் லேசாகி ஆட ஆரம்பிக்கும். எடை டேங்க் மேல் இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் பகிர்ந்து போகும், ஓட்டுபவரின் உடம்பை ஒட்டியே இருக்கும்.

இன்னொரு காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற ஜூன் முதல் செப்டம்பர் வரை, உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும். அந்தக் காற்று பக்கவாட்டில் அடித்தால் பின் சீட்டில் உயரமாகக் கட்டிய மூட்டை பாய்மரம் மாதிரி வண்டியை இழுக்கும். டேங்க் மேல் தாழ்வாகப் படுத்திருக்கும் பைக்கு அந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது, கண்ணெதிரே இருப்பது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு அறுந்து பின்னால் கட்டிய பை விழுந்தால், அது தெரிய வரும்போது வண்டி பத்து கிலோமீட்டர் தாண்டியிருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. முதலில் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் டேங்கில் ஒட்டிப் பாருங்கள். இரும்பு டேங்க் என்றால் 'டக்' என்று பிடிக்கும். பல புது மாடல்களில் வெளியே தெரிவது பிளாஸ்டிக் மூடிதான். உண்மையான டேங்க் அடியில் ஒளிந்திருக்கும். அதில் காந்தப் பை வாங்கினால் காசு தண்டம். பட்டை வைத்ததோ, பெட்ரோல் மூடியைச் சுற்றி வளையம் பொருத்திப் பூட்டுகிற வகையோ வாங்க வேண்டும்.

2. பையை வைத்துவிட்டு ஹேண்டிலை இடக்கோடி வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். பை ஹாரன் பட்டனையோ என்ஜின் நிறுத்தும் சுவிட்சையோ தொடக் கூடாது. நேர் ரோட்டில் இது தெரியவே தெரியாது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சுமார் 65 கி.மீ. மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவில் முழுசாகத் திருப்பும்போது என்ஜின் நின்றால்தான் தெரியும். அங்கே தெரிந்து என்ன பிரயோஜனம்?

3. பெட்ரோல் மூடியில் காற்றுப் போகச் சின்ன ஓட்டை இருக்கிற பழைய வண்டிகளில் அதை அடைத்துவிடக் கூடாது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் வண்டி திக்கித் திக்கி நின்றுவிடும். மெக்கானிக் பிளக்கைக் கழற்றுவார், கார்ப்பரேட்டரைக் கழற்றுவார்... குற்றவாளி மேலே சும்மா உட்கார்ந்திருக்கும்!

4. அளவு. இருபது லிட்டர் பை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் நெஞ்சு வரை உயர்ந்து ஸ்பீடோமீட்டரை மறைக்கும். பத்து லிட்டருக்குள் போதும். எடை மூன்று, நான்கு கிலோவைத் தாண்ட வேண்டாம்.

பயன்படுத்தும்போது

பையை வைக்கும் முன் டேங்கைத் துடைக்க வேண்டும். அடியில் சிக்கிய மணல் ஒரே நாளில் பெயின்ட்டைக் கீறிவிடும். காந்தமாக இருந்தால் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் உறைக்குள் போனை வைத்து வழி பார்ப்பது வசதி. ஹேண்டிலில் போன் ஸ்டாண்டு மாட்டினால் என்ஜின் அதிர்வு நேராக ஏறும்; சக்திவாய்ந்த பைக் என்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. பையின் பஞ்சு அந்த அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் அந்த உறை ஒரு சின்ன அடுப்பு. போன் சூடாகித் தானாகவே அணைந்துவிடும். வழியைப் பார்த்துவிட்டு உள்ளே போட்டுவிடுவது நல்லது. லைசென்ஸும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் காட்டினால் போதும் என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் வந்தது. எல்லாமே போனுக்குள் இருக்கும்போது அது செத்துப்போனால் மாட்டிக்கொள்வது ஓட்டுபவர்தான்.

காந்தப் பை என்றால் இன்னொரு எச்சரிக்கை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கக் கூடாது. அப்பாவின் வண்டியில் மகன் மாட்டிவிடும் முன் இதை யோசிக்க வேண்டும்.

உள்ளே என்ன வைக்கலாம்?

எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். நேருக்கு நேர் மோதும்போது வண்டி நிற்கும், ஓட்டுபவரின் உடம்பு நிற்காது. அதே வேகத்தில் முன்னால் சரியும். இடுப்பும் அடிவயிறும் முதலில் மோதுவது பெட்ரோல் டேங்கில்தான். பைக் விபத்துகளில் இடுப்பெலும்பு உடைவதற்கு இது தெரிந்த காரணம். அந்த இடத்தில் ஸ்பானர் செட், ஸ்டீல் தண்ணீர் பாட்டில், கேமரா ஸ்டாண்டு இருந்தால் என்ன ஆகும்? டேங்க் பேக்கில் மெத்தென்ற சாமான்தான் இருக்க வேண்டும்: மழைக்கோட்டு, துண்டு, ஸ்வெட்டர், கையுறை, ரொட்டி. இரும்பெல்லாம் சைடு பாக்ஸுக்குப் போகட்டும்.

இந்த ஒரு விதியை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும். ஸ்பானரையே வைக்கக் கூடாத இடத்தில் குழந்தையை எப்படி உட்கார வைக்கிறோம்?

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இது தினசரிக் காட்சி. டேங்க் மேல் மூன்று வயசுக் குழந்தை, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு. கண் முன்னால் இருக்கிறது, கைக்குள் இருக்கிறது, அதனால் பத்திரம் என்று பெற்றவர்கள் நம்புகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது பத்திரம் ஆகாது. மோதினால் முன்னால் ஹேண்டில், பின்னால் அப்பாவின் முழு எடை; நடுவில் அந்தக் குழந்தை. திடீர் பிரேக்குக்கே பல் உடையும்.

சட்டம் சும்மா இல்லை. 2019 திருத்தத்தின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2023 பிப்ரவரி 15 முதல், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதம் தாண்டிய குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. எத்தனை கடைகளில் அந்தப் பட்டை கிடைக்கிறது என்பது தனிக் கதை.

"கார் வாங்கவா வழியிருக்கு? பஸ்ஸும் எப்பவோ ஒண்ணுதான் வருது" என்று கேட்பவர்களின் நியாயத்தைத் தள்ள முடியாது. டவுனுக்குப் போய் மருந்தும் காய்கறியும் வாங்கி வர ஒரே வண்டிதான். ஆனால் அந்தக் குழந்தை ஏன் முன்னால் வந்தது என்று பாருங்கள். பல நேரம் பின் சீட்டில் பை கட்டியிருக்கும்; குழந்தைக்கு இடமில்லை. சாமானுக்கு மெத்தையான பின் சீட்டு, பிள்ளைக்குச் சூடேறிய தகரம்!

இதை மாற்ற லடாக் போகிறவரின் பணம் தேவையில்லை. சீட் கவர் கடையில் நாலு பட்டை வைத்து, அடியில் மெல்லிய பஞ்சு கொடுத்து, ஜிப் போட்ட ஒரு கான்வாஸ் பை தைக்கச் சொன்னால் தைத்துக் கொடுப்பார்கள். காயும் மருந்தும் அதில் முன்னால் வரட்டும். பின் சீட் காலியாகும். குழந்தை ஹெல்மெட்டோடு, பட்டையால் அப்பாவின் முதுகோடு சேர்ந்து பின்னால் உட்காரட்டும். டேங்க் பேக் விற்பவர்கள் யாரும் விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பைக்கு இதைவிட நல்ல வேலை வேறு இல்லை.

கொடைக்கானல் டூருக்கு எந்தப் பை நல்லது என்று நண்பர்களிடம் கேட்கும் முன், வீட்டு வண்டியின் டேங்க் மேல் தினமும் யார் போகிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். பை வாங்க வேண்டிய அவசரம் அப்போது புரியும்.