கரும்புகையும் நம் கடமையும்

2022ஆம் ஆண்டிலே ஒரு கலன் டீசலுக்காக எரிபொருள் நிலைய வாயிலில் இரவு பகலாய்க் காத்துக்கிடந்ததை நமது உழவர் மறந்திருக்க மாட்டார். அன்று டீசல் இன்மையால் அல்லலுற்றோம். இன்றோ அது எரிந்து கக்கும் கரும்புகையால் அல்லலுறுகின்றோம். டீசற் புகை புற்றுநோயை விளைவிப்பதென உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012இல் ஐயத்துக்கிடமின்றிக் கூறிவிட்டது. இதற்குப் பரிகாரம் இல்லையா?

உண்டு. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. இன்று தாவர எண்ணெயை மெதனோலுடன் காரஞ் சேர்த்து வினைப்படுத்தி, கிளிசரினைப் பிரித்து, உயிர் டீசல் ஆக்குகின்றனர். அதை நூற்றுக்கு இருபது பங்கு கலந்தால் புகைத் துகளும் காபன் மொனொக்சைட்டும் ஏறத்தாழப் பத்து வீதமும், எரியாத ஐதரோகாபன் இருபது வீதமும் குறையும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2002இல் கண்ட முடிபு.

ஆயின், குறையையும் மறைத்தலாகாது. நைதரசன் ஒட்சைட்டு இரண்டு வீதமளவில் கூடுகின்றது. எரிபொருளை விரைவில் தீப்பற்றச் செய்யும் சேர்மானங்களால் இதனை ஓரளவு தணிக்கலாம். உயிர் டீசல் நாட்பட்டாற் கெடும். அதைத் தடுப்பதற்கும் சேர்மானம் உண்டு. ஆனால், தேய்ந்துபோன இயந்திரத்தைப் புதிதாக்கும் மருந்து எந்தப் போத்தலிலும் இல்லை. பச்சை எண்ணெயை அப்படியே ஊற்றுவோர் தம் இயந்திரத்தைத் தாமே கெடுப்பவராவர். அதன் தடிப்பு எரிபொருள் பீச்சும் துவாரங்களை அடைத்துவிடும்.

பிலிப்பைன்ஸ் நாடு 2006இல் சட்டமியற்றித் தேங்காயெண்ணெயிலிருந்து ஆக்கிய உயிர் டீசலைக் கலந்து வருகின்றது. இந்தோனேசியா 2025இல் நாற்பது வீதக் கலவைக்குச் சென்றது. நாமும் அவ்வாறே தேங்காயை எரிப்பதா? கூடாது. ஏழையின் கறிச்சட்டியைக் காயவிட்டுப் பஸ் ஓட்டுவது அறமாகாது. விடுதிகளிலும் உணவுச்சாலைகளிலும் பொரித்துக் கழிக்கும் எண்ணெய் இருக்கின்றதே! அதனைச் சேகரித்து, தரம் பார்த்து, ஐந்து வீதக் கலவையாக முதலில் அரசாங்க பஸ்களில் ஓட்டிப் பார்க்கட்டும். பயன் கண்ட பின்னர் உழவனின் இயந்திரத்துக்கு வரட்டும். பரீட்சைச் செலவை அவன் தலையிற் சுமத்த வேண்டாம்.

கடல் கடந்து வரும் கப்பலை மட்டுமே நம்பியிருப்பதன் விலையை 2022 நமக்குக் கற்பித்தது. அப்பாடத்தை இன்னொரு வரிசையில் நின்றுதான் மீண்டும் படிக்க வேண்டுமா?