பாட்டிக்கு எதற்கு ராட்டினச் சீட்டு?

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு வகை அறிவுரை சுற்ற ஆரம்பித்துவிடும். குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்கா போகிறீர்களா, பணத்தை மிச்சம் பிடிக்கப் பத்து வழிகள் என்று தலைப்பு இருக்கும். எங்கள் ஓய்வூதியர் குழுவில் மட்டும் இந்த வாரம் மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். வாரநாளில் போங்கள். இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். காலையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ராட்டினம் ஏறாதவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து பேனா நிப்பைக்கூடக் கணக்கு வைத்து வாங்கியவன் நான். சிக்கனத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இந்தப் பட்டியலைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விலையை ஒரு பக்கம் தாறுமாறாக அமைத்துவிட்டு, அதற்கு ஏற்றபடி நெளிந்து கொடுக்கும் வேலையைக் குடும்பத் தலையில் கட்டுகிறார்கள். அதற்குச் சிக்கனம் என்று பெயரும் வைக்கிறார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் 'வாரநாளில் போங்கள்'. எனக்கு இது சரிப்பட்டு வந்த காலம் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியனுக்கு ஆண்டுக்குப் 12 நாள் தற்செயல் விடுப்பு. செவ்வாய்க்கிழமை ஒன்றை எடுத்துக்கொண்டால் சம்பளம் ஒரு ரூபாய் குறையாது. ஆனால் நான் இப்போது குடியிருப்பது கும்மிடிப்பூண்டி பக்கம். என் தெருவில் பாதி வீடுகளில் சிப்காட் தொழிலாளர்கள். உருக்காலை உலை ஞாயிறு என்று அணைவதில்லை. ஷிப்ட் சுழல்கிறது, வார ஓய்வும் அதோடு சுழல்கிறது. அப்பாவுக்கு ஓய்வு புதன்கிழமை வந்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஒப்பந்தத் தொழிலாளி விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போயிற்று. சீட்டில் மிச்சம் பிடித்த முந்நூறு ரூபாய்க்காகக் கூலியில் அறுநூறு ரூபாயை விடச் சொல்கிறீர்களா?

அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் ஒரே நாளில் விடுமுறை என்று எது கிடைக்கும்? 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் என்று ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். ஆக ஆண்டுக்கு ஒன்பது. இந்த ஒன்பது நாளும் பூங்காக்காரர்களின் அகராதியில் கூட்ட நாள். கூட்ட நாள் என்றால் கூடுதல் விலை அல்லது சலுகை இல்லாத விலை. யாருக்கு நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதோ அவருக்குத் தள்ளுபடி, யாருக்கு இல்லையோ அவருக்கு முழு விலை. இதுதான் 'வாரநாளில் போங்கள்' என்பதன் உண்மையான பொருள்.

அடுத்தது தூரம். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது தனிக் கணக்கு. நாங்கள் சென்னைக்கு வடக்கே இருக்கிறோம். வி.ஜி.பி. ஈஞ்சம்பாக்கத்தில், எம்.ஜி.எம். முட்டுக்காட்டில். 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். எல்லாம் தெற்கே. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் ஒரு டீ, ஒரு வடை காசுக்குள் போய்விடலாம். அதற்கு அப்பால்தான் செலவு தொடங்குகிறது. இரண்டு பிள்ளைகளையும் ஈரத் துணி மூட்டையையும் சுமந்துகொண்டு இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து மாறி மாறி வர முடியாமல் வேன் பிடிப்பார்கள். அந்த வாடகையைக் குறைக்கும் வழியைப் பத்து வழிகளில் எதுவும் சொல்லக் காணோம்.

வொண்டர்லா திறந்தபோது நுழைவுச் சீட்டு ரூ.1,489 என்று அறிவித்தார்கள். கணவன், மனைவி இருவருக்கு மட்டும் 2,978 ரூபாய். நாளுக்கு அறுநூறு வாங்குகிறவருக்கு ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு. பிள்ளைகள் இன்னும் கணக்கில் வரவில்லை.

தாத்தா பாட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவின் வாசலில், மரத்தடியில், கவரைப்பேட்டைப் பக்கத்து அம்மாள் ஒருவரைப் பார்த்தேன். மடியில் ஒரு பெரிய தூக்குப் பாத்திரம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் உள்ளே. 'ஏம்மா, நீங்க போகலையா?' என்று கேட்டேன். 'நான் என்னத்த ஏறப் போறேன், அதுக்கு அம்மாம் காசா?' என்றார். வெளி உணவை உள்ளே விடவில்லை. அதனால் புளிசாதத்துக்குக் காவலாகவும் அவரே. வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது என்பதால் மதியம் யாரும் சாப்பிட வரவில்லை. உள்ளே அவர்கள் விலை கொடுத்து ஏதோ வாங்கித் தின்றிருப்பார்கள். இந்த அம்மாள் புளிசாதத்தில் எனக்கும் ஒரு பிடி வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். விடியற்காலை எழுந்து ஆறு பேருக்குச் சமைத்தது.

அந்தக் குடும்பம் பத்து வழிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தது. மிச்சம் பிடித்த பணம் அந்த அம்மாளின் ஒரு நாள்.

பாட்டி ஏன் ராட்டினச் சீட்டு வாங்க வேண்டும்? முதியோர் தள்ளுபடி உண்டே என்பார்கள். ஏறாத ராட்டினத்துக்கு முக்கால் விலை என்பது எந்த ஊர்த் தள்ளுபடி? நம் ஊரில் இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. சென்னை தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போகாதவர்கள் இருக்கிறீர்களா? நுழைவுக்குச் சிறு கட்டணம். ராட்டினத்துக்குத் தனிச் சீட்டு. பாட்டி டெல்லி அப்பளத்தைக் கடித்துக்கொண்டு பேரன் சுற்றுவதைப் பார்ப்பார். கையில் காசு இருப்பவன் பத்து ராட்டினம் ஏறுவான், இல்லாதவன் இரண்டு ஏறுவான். இருவரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போவார்கள்.

இது ஏதோ பழைய காலத்து வழக்கம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1955-இல் திறந்த டிஸ்னிலாந்தே 1982 வரை ராட்டினத்துக்கு ராட்டினம் சீட்டுக் கிழித்துத்தான் நடந்தது. பிறகுதான் ஒரே சீட்டு முறைக்கு முழுவதுமாக மாறினார்கள்.  ஆனால் எல்லோரும் மாறவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1843-இல் தொடங்கிய டிவோலி பூங்காவில் இன்றும் நுழைவு தனி, ராட்டினம் தனி. பாரிஸில் 1860-இல் தொடங்கிய ழார்தேன் தக்ளிமத்தாசியோன் பூங்காவிலும் அப்படியே. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அவர்கள் நொடித்துப் போகவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரையரங்குகள் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. வெளி உணவைத் தடுக்க அரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்று. சரி. திரையரங்கில் இருப்பது மூன்று மணி நேரம். பூங்காவில் காலை பதினொன்றிலிருந்து மாலை ஆறு வரை, வெயிலில், தண்ணீரில் ஆடிக்கொண்டு, பிள்ளைகளோடு. ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தை முழுவதுமாக விழுங்குகிற இடத்தில் வீட்டுச் சோற்றுக்கு இடமில்லை என்றால், சீட்டில் எழுதாத இரண்டாவது கட்டணம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே ஒன்று நியாயம் ஆகிவிடாது. வாசலுக்கு உட்புறம் ஒரு கூரை, நாலு பெஞ்சு, ஒரு குழாய். கொண்டுவந்ததை அங்கே மட்டும் சாப்பிடுங்கள் என்று சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பூங்கா நடத்துவது சும்மா இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். பராமரிப்பில் ஒரு பைசா குறைக்கச் சொல்ல மாட்டேன். 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில் ராட்டினச் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தது நினைவிருக்கிறது. நட்டும் போல்ட்டும் பார்க்க ஆகும் செலவை ராட்டினம் ஏறுகிறவர்களிடம் தாராளமாக வாங்கட்டும். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எந்த போல்ட்டை முடுக்குகிறார்கள்?

அரசாங்கம் இதில் தலையிட முடியாது, தனியார் வியாபாரம் என்று சிலர் சொல்வார்கள். தலையிட்டிருக்கிறதே! 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பூங்கா நுழைவுக்கு 28 சதவீதம். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். வொண்டர்லாவின் சென்னைத் திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு உள்ளாட்சி வரியிலிருந்து 10 ஆண்டு விலக்கு அளித்தது. முதலீடு வர வேண்டும், வேலை வர வேண்டும், நல்லது. ஆனால் ஒரு குமாஸ்தாவாகக் கேட்கிறேன். சலுகை ஆணை எழுதும்போது கீழே நிபந்தனைகள் என்று ஒரு பத்தி வருமே, அங்கே 'ராட்டினம் ஏறாதவருக்குத் தனி நுழைவுச் சீட்டு வைக்க வேண்டும்' என்று ஒரே ஒரு வரி எழுத யார் கை வலித்தது?

இன்னொரு வேடிக்கை. சர்க்கஸ், நாடகம், கோளரங்கம் இவற்றுக்கு 500 ரூபாய் வரையிலான சீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பூங்காவுக்கு அந்த வரம்பு இல்லை, முதல் ரூபாயிலிருந்தே 18 சதவீதம். நுழைவுச் சீட்டைப் பிரித்து, 500 ரூபாய்க்குள் இருந்தால் அதற்கும் வரி இல்லை என்று சொல்லட்டும். பூங்காவுக்கும் ஆதாயம், பாட்டிக்கும் ஆதாயம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சரித்திர வகுப்பில் 1936-ஆம் ஆண்டு வரும். அந்த ஜூன் மாதம் பிரான்சில் எல்லாத் தொழிலாளருக்கும் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு என்று சட்டம் போட்டார்கள். ஆகஸ்டு மாதமே லெயோ லக்ரான்ழ் என்ற துணை அமைச்சரின் முயற்சியால் விடுப்பில் போகும் தொழிலாளிக்கு ரயிலில் 40 சதவீதம் தள்ளுபடிச் சீட்டு வந்தது. விடுப்பைக் கொடுத்துவிட்டு 'சாமர்த்தியமாகச் செலவு பண்ணு' என்று உபதேசம் செய்யவில்லை. விடுப்பும் சீட்டும் ஒன்றாக வந்தன. 1945-இல் பெரிய தொழிற்கூடங்களில் தொழிலாளர் குழு அமைக்கச் சட்டம் வந்தது. இன்று அவற்றின் இடத்தில் வந்திருக்கும் குழுக்கள்தான் கேளிக்கைப் பூங்காச் சீட்டுகளை மொத்தமாகப் பேசி வாங்கித் தொழிலாளர் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் தருகின்றன.

நமக்கும் அதற்கான கருவிகள் இல்லாமல் இல்லை. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் பணிக்குழு அமைக்க 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமே வழி சொன்னது. தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி ஒரு பங்கு, முதலாளி அதைப்போல் இரு மடங்கு, அரசு ஒரு பங்கு என்று ஆண்டுதோறும் பணம் சேர்கிறது. சிப்காட்டின் பத்து ஆலைகள் சேர்ந்து ஆயிரம் சீட்டு, இருபது பேருந்து என்று பேசினால் எந்தப் பூங்கா மறுக்கும்? பள்ளிக்கூடங்களுக்குக் குழு விலை தருகிறவர்கள்தானே? தனி ஆளாகப் போகும் தொழிலாளி கெஞ்சிப் பெற முடியாததைப் பணிக்குழு ஒரு கடிதத்தில் பெற்றுவிடும்.

கடைசியாக, ரொம்ப நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஒரு யோசனை. 'எதற்கு அவ்வளவு செலவு? பழவேற்காடு ஏரிக்குப் போங்கள், பூண்டி நீர்த்தேக்கம் பாருங்கள், திருத்தணி மலை ஏறுங்கள், சும்மா பார்க்கலாமே?' பழவேற்காட்டை நான் இருபது தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் பார்ப்பேன். ஆனால் ராட்டினம் கேட்டு அழுகிற பிள்ளைக்கு டச்சுக் கல்லறை காட்டுவது நியாயமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ராட்டினம், தொழிலாளி பிள்ளைக்கு இயற்கைக் காட்சி என்று பிரித்தது யார்?

ஆகவே சிப்காட் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறைக்கு முன்பே உங்கள் பணிக்குழுவில் இதைப் பொருளாக வையுங்கள். மொத்தச் சீட்டு, பேருந்து, வீட்டுச் சாப்பாட்டுக்கு இடம், ஏறாதவர்களுக்குத் தனி விலை என்று நான்கு அம்சம் போதும். நகல் ஒன்றைத் தொழிலாளர் நல வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மனு எழுத வரவில்லை என்றால் என் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். கூலி ஒரு டீ.