அரிசிக்கு ஒரு நாடு, பென்ஷனுக்கு ஒரு கிராமம்

செஞ்சிக்குப் பக்கத்துக் காலனியில் இருக்கிற எங்க ஆயாவுக்கு முதியோர் பணம் நின்று ஏழு மாதம் ஆனது. கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"இந்த அம்மா ஊர்லயே இல்லியே. பெங்களூர்ல ரேஷன் வாங்கியிருக்கு. கம்ப்யூட்டர்ல காட்டுது பாரு" என்றார் அங்கிருந்தவர்.

"பேரப்புள்ளய பாத்துக்க நாலு மாசம் போயிருந்தேன் சாமி" என்றது ஆயா. மகனும் மருமகளும் அங்கே கட்டட வேலை. அந்தச் 'சாமி' எனக்குச் சுருக்கென்றது.

"ஊர்லயும் விசாரிச்சாச்சு" என்றார். எந்த ஊரில்? காலனிக்குள் ஒருத்தரும் கால் வைக்கவில்லை. ஊர்த்தெருவில் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். சேரிக் கிழவி இருக்கிறாளா இல்லையா என்பதற்கும் ஊர்தான் சாட்சி!

'ஒரே நாடு ஒரே ரேஷன்' தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் வந்தது. பிழைக்கப் போன இடத்தில் அரிசி வாங்கிக்கொள் என்றார்கள். வாங்கினால் அந்தப் பதிவே பென்ஷன் பட்டியலிலிருந்து பேரை அடிக்கக் காரணமாகிறது. ஒரு துறை கொடுத்த உரிமையை இன்னொரு துறை குற்றமாக்குகிறது. 2023இல் 1,200 ரூபாயாக்கிய இந்தப் பணத்தில் ஒன்றிய அரசின் பங்கு, எண்பது வயதுக்குட்பட்டோருக்கு வெறும் 200 ரூபாய். இதைக் காப்பாற்றத்தான் இத்தனை கணினிக் கண்காணிப்பு!

நம் பக்கத்திலேயே இன்னொரு வழக்கம் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையை 1750 முதல் 1761 வரை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள், புதுச்சேரியை 1954 வரை ஆண்டார்கள். அவர்கள் படையில் இந்தோசீனா வரை போன 'சொல்தா'க்களில் நம் சேரி ஆட்களும் உண்டு. அவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. ஆண்டுக்கொரு முறை உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் அனுப்பினால் போதும். 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய–பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, அங்கே உழைத்துச் சேர்த்த பென்ஷனை இங்கே வாழ்ந்துகொண்டே வாங்கலாம். ஜெர்மனியும் பிரான்சும் இறப்புத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதால், ஜெர்மனியில் வாழும் பிரெஞ்சுப் பென்ஷன்காரர் அந்தச் சான்றிதழுக்குக்கூட அலைய வேண்டியதில்லை.

பிரான்சு ஒன்றும் தர்மப் பிரபு அல்ல. தன் குடியுரிமை இல்லாத பழைய காலனிச் சிப்பாய்களின் பென்ஷனை 1959 சட்டத்தால் பல பத்தாண்டுகள் உயராமல் உறைய வைத்ததும் அதே பிரான்சுதான். நான் சொல்ல வருவது வேறு. தகவலைப் பகிர்வதே தப்பில்லை. அது கிழவியின் நடையைக் குறைக்கவா, கிழவியின் பேரை அடிக்கவா? கேள்வி இதுதான்.

அவங்க சம்பாதிச்ச பென்ஷன், இது சர்க்கார் போடுற உதவி, ரெண்டும் ஒண்ணா என்று கேட்பார்கள். எங்க ஆயா அறுபது வருஷம் நாற்று நட்டது, களை பறித்தது எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது? கூலியைத் திருடியவர்கள் உதவி என்று பேசக்கூடாது.

தோழர்களே, மாணவர்களே, உங்கள் காலனியில் யார் யாருக்குப் பணம் நின்றிருக்கிறது என்று வீடு வீடாக எழுதுங்கள். நிறுத்திய ஆணையின் நகலையும் விசாரணை அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் கேளுங்கள். யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பது வெளியே வரட்டும். முன்கூட்டி நோட்டீஸ் தராமல், நேரில் பார்க்காமல், கணினி சொன்னதென்று ஒரு பேரையும் அடிக்கக்கூடாது. பிழைக்கப் போவது குற்றமில்லை. போன இடத்துக்கு அரிசி வருகிறதென்றால் பணமும் வரட்டும்.