ஆடுபவர் பெயர் என்ன?



'டான்சர்' என்ற ஆங்கிலச் சொல்லை ஸ்பானிய மொழியில் எழுதச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அகராதியைப் புரட்டி, முதலில் கண்ணில் படும் சொல்லை எழுதிவிடுவீர்கள். அந்த அவசரம் கூடாது என்பது என் கருத்து.

அகராதியில் 'பைலரீன்' என்று இருக்கும். பெண் என்றால் 'பைலரீனா'. மேடையில் பாலே நடனம் ஆடுபவருக்கு இது பொருத்தமான சொல்தான்.

ஆனால், ஸ்பெயின் நாட்டின் தெற்கே ஆந்தலூசியா என்று ஒரு பகுதி இருக்கிறது. கிடார், பாட்டு, கைத்தட்டல் மூன்றும் சேர்ந்து ஒலிக்க, காலால் தரையைத் தட்டித் தாளமிட்டு அங்கே ஆடுவார்கள். அதுதான் ஃபிளமெங்கோ. அதை ஆடுபவர் 'பைலவோர்'. பெண் என்றால் 'பைலவோரா'. 'பைலதோர்' என்பதுதான் முழுச் சொல். அப்பகுதி மக்கள் பேசும்போது நடுவில் வரும் 'த' ஒலியை விழுங்கிவிடுவார்கள். கொச்சை என்று அதை ஒதுக்கிவிடவில்லை. ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது!

அடுத்து, தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டைப் பாருங்கள். அங்கும் ஸ்பானிய மொழி பேசுகிறார்கள். ஆண்டீஸ் மலை ஊர்களில் 'கத்தரிக்கோல் நடனம்' புகழ்பெற்றது. கத்தரிக்கோல் போன்ற இரண்டு இரும்புத் தகடுகளைக் கையில் பிடித்து ஒலி எழுப்பியபடி, ஹார்ப், வயலின் இசைக்கேற்பத் துள்ளிக் குதித்துப் போட்டி போட்டு ஆடுவார்கள். இவர்களுக்குப் பெயர் 'தான்சாந்தே'. அவர்களுடைய கெச்சுவா மொழியில் 'தான்சாக்'.

ஃபிளமெங்கோ, கத்தரிக்கோல் நடனம் இரண்டையுமே மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் 2010-ல் யுனெஸ்கோ சேர்த்தது.

"எல்லோருக்கும் 'பைலரீன்' என்று எழுதினாலும் புரியுமே!" என்பீர்கள். புரியும். தேர்வில் மதிப்பெண்கூடக் கிடைக்கலாம். ஆனால், படிப்பவர் மனதில் பாலே மேடைதான் தோன்றும். மலையூர்க்காரரின் கையில் உள்ள இரும்புத் தகடுகள் காணாமல் போய்விடும். அவர் பாடுபட்டுக் கற்ற கலையின் பெயரை நாம் அழித்ததாகிவிடும். அது நியாயமா?

எனவே, மொழிபெயர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆடுபவர் யார்? எங்கே ஆடுகிறார்? தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார்? பதில் தெரிந்த பிறகு அகராதியைத் திறங்கள். சரியான சொல் தானாகவே கிடைக்கும்.

செய்வீர்கள்தானே?